இராயன் கேளாத கணக்கு

வாசிக்க வேண்டிய வேதபகுதிகள்: 1 சாமுவேல் 8, மத்தேயு 22:15–22, லூக்கா 16:1–13



மதுரையிலிருந்து திருமங்கலம் வழியாக இராஜபாளையம் செல்லும் சாலையில் பயணம் செய்யாதோர் நம்மில் மிகச் சிலரே. அச்சாலையில் டி. கல்லுப்பட்டி என்னும் ஊர் இருக்கிறது. அங்கே 1940இல் தொடங்கப்பட்ட காந்தி நிகேதன் ஆசிரமத்தில், ஒரு தமிழ்க் கிறிஸ்தவர் தம் வாழ்வின் இறுதி ஆண்டுகளைக் கழித்தார். இலண்டனில் கணக்காளர் பட்டமும், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பட்டமும் பெற்றவர் அவர். பம்பாயில் தணிக்கை நிறுவனம் நடத்திய அவர், பிற்காலத்தில் தமக்கென்று சொத்து எதையும் சேர்க்காமல் வாழ்ந்தார். ஜே. சி. குமரப்பா என்பது அவர் பெயர். பொருளாதார அறிஞர்கள் அவரை நினைவுகூருகிறார்கள். நம் சபைகளிலோ அவர் பெயர் அரிதாகவே ஒலிக்கிறது.

அவர் வாழ்வை முன்வைத்து ஒரு கடினமான கேள்வியை இவ்வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன். ஒரு விசுவாசியின்மேல் அரசுக்கு எவ்வளவு அதிகாரம் உண்டு? அரசின் கட்டளை மனசாட்சியோடு மோதும்போது எதற்குக் கீழ்ப்படிவது? அரசு ஒன்றுமே கேளாத இடங்களில் நாம் யாருக்குக் கணக்கு ஒப்புவிப்பது?

இக்கேள்வியை உலக வரலாற்றில் மிகக் கூர்மையாக எழுப்பியோர் அரசின்மைக் கொள்கையினர். அராஜகம் என்னும் சொல்லைக் கலவரம், கொள்ளை, கட்டுப்பாடின்மை என்னும் பொருளிலேயே நாம் வழங்குகிறோம். 19ஆம் நூற்றாண்டில் மேலைநாடுகளில் வளர்ந்த அக்கொள்கையின் பொருள் அதுவன்று. ஆள்வோர் இல்லாமலும் மனிதர் ஒழுங்காக வாழ இயலும் என்பதே அதன் நம்பிக்கை. அதன் கிளைகளுள் ஒன்றைத் தனிமனித அரசின்மை என்பர். ஒருவனுடைய மனசாட்சியின்மேலும் உழைப்பின்மேலும் அவன் சம்மதமின்றி அதிகாரம் செலுத்த, அரசுக்கும் உரிமையில்லை, பெரும்பான்மையோருக்கும் உரிமையில்லை என்பது அதன் சாரம்.

அமெரிக்காவில் ஜோசையா வாரன் என்பவர் 1827இல் சின்சினாட்டி நகரில் ஒரு கடை திறந்தார். பொருள்களை ஏறத்தாழக் கொள்முதல் விலைக்கே கொடுத்து, விற்பனைக்காகத் தாம் செலவிட்ட நேரத்திற்கு ஈடாக வாங்குவோரின் உழைப்பு நேரத்தைச் சீட்டாகப் பெற்றுக்கொண்டார். ஒருவர் உழைப்பை மற்றொருவர் சுரண்டாமல் வணிகம் செய்ய அரசு தேவையில்லை என்பதை அவர் செயலால் காட்ட விரும்பினார். ஹென்றி டேவிட் தோரோ, அடிமைமுறையைத் தாங்கிநின்ற அரசுக்குத் தலைவரி செலுத்த மறுத்து, 1846இல் ஓர் இரவைச் சிறையில் கழித்தார். ஜெர்மனியில் மாக்ஸ் ஸ்டிர்னர் இன்னும் தொலைவு சென்றார். அவர் 1844இல் வெளியிட்ட நூல் அரசை மட்டுமன்றி, கடவுளையும் கடமையையும் அறத்தையுங்கூட மனிதன் தன்மேல் ஏற்றிக்கொண்ட வெறும் மாயைகள் என்று தள்ளியது. ‘நான்’ என்பதற்கு மேல் அவருக்கு ஒன்றுமில்லை.

ஆகவே ஒரே கொள்கைக்குள் இரண்டு வழிகள் பிரிவதை நீங்கள் காணலாம். ஒருவன் தன் மனசாட்சிக்குக் கட்டுப்பட்டவனாக நின்று அரசை மறுக்கிறான். மற்றொருவன் எதற்கும் கட்டுப்படாதவனாக நின்று அரசை மறுக்கிறான். வெளித்தோற்றத்தில் இருவரும் ஒருவர் போலவே தோன்றுவர். உள்ளேயோ இருவரும் எதிரெதிர்த் திசைகளில் நடப்பவர்கள்.

வேதாகமமும் இவ்விரண்டையும் நம் முன் வைக்கிறது. இஸ்ரவேலர் தங்களுக்கு ஓர் அரசன் வேண்டுமென்று கேட்டபோது, சாமுவேல் அவர்களை எச்சரித்தார். உங்கள் பிள்ளைகளும் வயல்களும் விளைச்சலில் ஒரு பங்கும் அவன் கைக்குப் போகும், முடிவில் நீங்களே அவனுக்கு அடிமைகளாவீர்கள் என்பது அவ்வெச்சரிப்பின் கருத்து. நியாயாதிபதிகள் 9ஆம் அதிகாரத்தில் யோதாம் சொன்ன கதையும் உங்களுக்குத் தெரியும். பயன்தரும் மரங்கள் அரசாள மறுத்துவிட, முட்செடியே அப்பதவியை ஏற்க முன்வருகிறது. அதிகாரத்தின்மேல் இவ்வளவு ஐயம் கொண்ட அதே வேதம், நியாயாதிபதிகளின் புத்தகத்தை எப்படி முடிக்கிறது? அரசன் இல்லாத நாட்களில் ஒவ்வொருவனும் தனக்குச் சரியெனத் தோன்றியபடி நடந்ததை அது வருத்தத்தோடு பதிவு செய்கிறது. அரசன் வந்தாலும் ஆபத்து. மனிதன் தன் மனம்போல நடந்தாலும் ஆபத்து. இந்த இரண்டு ஆபத்துகளுக்கும் இடையில்தான் நாம் வாழ்கிறோம்.

தோரோவின் கட்டுரையையும், ருஷ்யாவின் டால்ஸ்டாய் லூக்கா 17:21இலிருந்து தலைப்பெடுத்து எழுதிய நூலையும் காந்தியடிகள் ஆழ்ந்து கற்றார். 1916இல் காசியில் பேசியபோது, தாமும் ஓர் அரசின்மைவாதியே, ஆனால் வேறு வகையினர் என்று அவர் அறிவித்தார். அந்த வேறு வகை எது என்பதை நம் மதுரை கண்டிருக்கிறது. 1921 செப்டம்பர் 22ஆம் நாள், மேலமாசி வீதியிலுள்ள ஒரு வீட்டில் அவர் தம் பழைய உடையைக் களைந்து, ஏழை உழவரைப்போல முழங்காலளவு ஆடைக்கு மாறினார். எந்தச் சட்டமும் அதைக் கேட்கவில்லை. எந்தக் கட்சியும் தீர்மானம் போடவில்லை. தம்மேல் தாமே ஆட்சி செலுத்துவோர்க்கு வெளியாட்சி குறைவாகவே தேவைப்படும் என்பது அவர் துணிபு.

குமரப்பா காந்தியடிகளிடம் வந்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து. அவர் 1892 ஜனவரி 4ஆம் நாள் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ் என்பது அவருக்கு இடப்பட்ட பெயர். குமரப்பா என்னும் குடும்பப் பெயரைப் பின்னாளில் மீட்டெடுத்துக்கொண்டார். அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தபோது, இந்தியா ஏன் வறுமையில் இருக்கிறது என்பதைப் பற்றி ஒரு தேவாலயத்தில் உரையாற்றினார். அவ்வுரை செய்தித்தாளில் வெளிவந்தது. அதைக் கண்ட அவருடைய பேராசிரியர் எட்வின் செலிக்மன், அப்பொருளையே பொதுநிதியின் வழியாக ஆராயும்படி அவரைத் தூண்டினார். அரசின் வரவுசெலவைத் தணிக்கையாளரின் கண்ணோடு ஆராய்ந்த குமரப்பா, ஆங்கிலேய ஆட்சி மக்களிடம் பெற்ற வரி மக்களின் நன்மைக்குத் திரும்பவில்லை என்பதைக் கண்டார். ஓர் அரசு தன்னைப்பற்றிச் சொல்வதைக் காட்டிலும் அதன் கணக்குப் புத்தகம் உண்மையாகப் பேசும் என்பதை அவர் கற்றுக்கொண்டார். 1929 மே மாதம் அவ்வாராய்ச்சியோடு சபர்மதிக்குச் சென்று காந்தியடிகளைச் சந்தித்தார். அதன்பின் பம்பாயின் தொழிலுக்கு அவர் திரும்பவில்லை.

1930இல் உப்புச் சத்தியாக்கிரகம் எழுந்தபோது கிறிஸ்தவர்களுக்கு ஒரு சோதனை வந்தது. இந்தியாவின் ஆங்கிலிக்கன் திருச்சபையின் தலைமைப் பேராயராயிருந்த ஃபாஸ் வெஸ்ட்காட், சட்டமறுப்பு கிறிஸ்துவின் போதனைக்கு ஒவ்வாதது என்னும் நிலைப்பாட்டை எடுத்தார். ரோமர் 13ஐ வாசித்து வளர்ந்த பலருக்கு அது இயல்பான முடிவாகவே தோன்றியிருக்கும். குமரப்பா அதற்கு வெளிப்படையாக மறுப்பு எழுதினார். அன்பையும் அகிம்சையையும் ஆயுதமாகக் கொண்டு தடியடியை ஏற்கும் மக்களையா, படைபலத்தால் ஆளும் பேரரசையா, யாரைத் திருச்சபை கண்டிக்க வேண்டும் என்பதே அம்மறுப்பின் மையம். ஆட்சியாளரோடு கொண்ட நட்பு கிறிஸ்துவின் சொல்லைக் காட்டிலும் திருச்சபைக்கு அருமையாகிவிட்டதோ என்று அவர் வருந்தினார். அக்காலத்தில் ‘யங் இந்தியா’ இதழின் பணியையும் ஏற்றுநின்ற அவருக்குச் சிறை கிடைத்தது.

இச்சோதனை மதுரைக்கும் வந்தது. 1834இல் இங்கே தொடங்கிய அமெரிக்கன் மதுரை மிஷன், தனிச்சபை முறையைச் சேர்ந்தது. அரசரும் பேராயரும் கட்டளையிடாமல் ஒவ்வொரு சபையும் கிறிஸ்துவின் கீழ்த் தன்னைத்தானே நடத்திக்கொள்ள வேண்டும் என்பதற்காக இங்கிலாந்தில் பாடுபட்டவர்களின் வழிவந்தது அம்முறை. அந்த மிஷனுக்கு 1925இல் ரால்ஃப் ரிச்சர்ட் கெய்தான் என்னும் இளம் ஊழியர் வந்தார். காந்தியடிகளின் கடிதத்தை வைஸ்ராயிடம் கொண்டுசென்ற ரெஜினால்ட் ரெனால்ட்ஸ் என்னும் ஆங்கில நண்பரைத் தம் இல்லத்தில் அவர் உபசரித்தார். இந்தியாவில் ஊழியஞ்செய்த அயல்நாட்டு மிஷன்கள், சட்டபூர்வமான அரசின் அதிகாரத்திற்கு மாறாக நடப்பதில்லை என்று உறுதியளித்திருந்த காலம் அது. 1930இல் கெய்தான் நாட்டைவிட்டுச் செல்ல நேர்ந்தது. மீண்டும் வந்த அவர் 1944இல் மறுபடியும் வெளியேற்றப்பட்டார். விடுதலைக்குப்பின் திரும்பிவந்து, திண்டுக்கல் அருகிலுள்ள காந்திகிராமத்தில் ஏழை மக்களிடையே பணியாற்றினார்.

சபையின் சுதந்திரத்திற்காகத் தொடங்கிய ஒரு மரபு, அரசின் அனுமதியை இழக்க அஞ்சும் நிலைக்கு வந்ததை எண்ணிப் பாருங்கள். பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் காக்க வேண்டியிருந்தது என்பது உண்மை. அவற்றால் நம் முன்னோர் பெற்ற நன்மையும் உண்மை. எனினும் இராயனிடம் வாங்கிய ஒவ்வொரு சலுகைக்கும் ஒரு விலை உண்டு. பெரும்பாலும் அவ்விலை நம் நாவிலிருந்தே வசூலிக்கப்படுகிறது.

குமரப்பா அரசை எதிர்த்ததோடு நின்றுவிடவில்லை. 1934 இறுதியில் தொடங்கப்பட்ட அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தின் செயலாளராக, வார்தாவில் பல்லாண்டு உழைத்தார். எண்ணெய்ச்செக்கு, கைக்குத்தல் அரிசி, பனைவெல்லம், கைக்காகிதம், தேனீ வளர்ப்பு ஆகிய எளிய தொழில்களையே அவர் ஆராய்ந்தார். இவற்றில் அவர் கண்டது பழமையின் அழகையன்று. பெருந்தொழில் மூலப்பொருளுக்கும் சந்தைக்கும் தொலைநாடுகளை நாடும். அவற்றைப் பிடித்து வைத்திருக்கப் படை வேண்டும். படையை நடத்தப் பேரரசு வேண்டும். சிறுதொழிலில் செய்பவனும் வாங்குபவனும் ஒருவரையொருவர் அறிவர். அங்கே அதிகாரம் சிதறிக் கிடக்கும். மனசாட்சிக்கு வேலை இருக்கும். இதுவே அவர் வாதம்.

1940களில் ஜபல்பூர் சிறையிலிருந்தபோது அவர் எழுதிய இரண்டு நூல்கள் 1945இல் வெளிவந்தன. ஒன்று நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றியது. மற்றொன்று இயேசுவின் வாழ்வையும் போதனையையும் பற்றியது. இரண்டிற்கும் காந்தியடிகள் முன்னுரை எழுதினார். முதல் நூலில் அவர் பொருளாதாரங்களை ஐந்து படிகளாக வகுக்கிறார். பிற உயிரைக் கொன்று உண்ணும் ஒட்டுண்ணியின் வாழ்வு, உழைக்காமல் பறித்துண்ணும் வாழ்வு, தன் முயற்சியால் உண்ணும் வாழ்வு, தன் கூட்டத்திற்காக உழைக்கும் வாழ்வு, கைம்மாறு கருதாத தொண்டு வாழ்வு என்பன அவை. தொண்டு வாழ்வுக்கு இயற்கையில் அவர் காட்டும் சான்று, குஞ்சை ஊட்டி வளர்க்கும் தாய்ப்பறவை. இன்னொன்றையும் அவர் வலியுறுத்துகிறார். ஒரு பொருளை வாங்குகிறவன் அதன் வரலாற்றிலும் பங்காளியாகிறான். அது கொடுமையால் விளைந்ததாயின், விலை கொடுத்தவன் கை கழுவிக்கொள்ள இயலாது.

ஸ்டிர்னரின் வழிக்கும் குமரப்பாவின் வழிக்கும் உள்ள வேற்றுமை இங்கே விளங்குகிறது. முன்னவர் அரசின் கணக்கைக் கிழித்ததோடு எல்லாக் கணக்கையும் கிழித்தார். பின்னவரோ அரசு கேளாத கணக்கையும் எழுதத் தொடங்கினார். குமரப்பாவுக்கு அரசின்மைவாதி என்று பெயர் சூட்டுவது என் நோக்கமன்று. தனிமனிதனின் மனசாட்சியே இறுதியில் நிற்க வேண்டும் என்னும் கொள்கையை ஒரு கிறிஸ்தவன் எவ்வாறு வாழ்ந்து காட்டக்கூடும் என்பதற்கு அவர் சான்று. லூக்கா 16இன் உக்கிராணக்காரனிடம் கணக்குக் கேட்டவன் அரசனல்லன்; எஜமான்.

இங்கே ஒரு மறுப்புக்கு நாம் நேர்மையாகச் செவிகொடுக்க வேண்டும். அரசு விலகினால் கிராமத்தில் யார் ஆள்வார்? 1948 நவம்பர் 4ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கர், கிராமத்தைப் போற்றுவோரைக் கடுமையாகச் சாடினார். அறியாமையும் குறுகிய மனமும் சாதி உணர்வும் குடிகொண்ட இடமாகவே கிராமத்தை அவர் கண்டார். மதுரைச் சமவெளியில் வாழும் நாம் அதை மறுக்க முடியுமா? 1939 ஜூலை 8ஆம் நாள், அ. வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்றார். அது மனசாட்சியின் செயல். ஆனால் எதிர்ப்பு மூண்டபோது அச்செயலைக் காக்க அரசு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. குமரப்பாவும் இதை அறியாதவரல்லர். விடுதலைக்குப்பின் காங்கிரஸ் அமைத்த நிலச்சீர்திருத்தக் குழுவுக்கு அவரே தலைவர். உழுபவனுக்கு நிலம் சேர வேண்டும், இடைத்தரகர் ஒழிய வேண்டும், நில உடைமைக்கு உச்சவரம்பு வேண்டும் என்று 1949இல் அக்குழு பரிந்துரைத்தது. சட்டமின்றி இவை நடவா.

எனவே அரசு வேண்டாம் என்று சொல்வதற்கு எளியவனைக் காட்டிலும் வலியவனுக்கே ஆசை அதிகம் இருக்கக்கூடும். தடையில்லாத இடத்தில் சுதந்திரம் பெறுபவன் முதலில் அவனே. ரோமர் 13இல் பவுல் அதிகாரத்தைத் தீமை செய்வோருக்கு அச்சமூட்டும் ஊழியமாகக் காட்டுவதன் நியாயம் இதுவே. அந்த ஊழியத்தை விட்டு எளியோரை நசுக்கும் வேளையில், அதே அதிகாரத்தின் முன் பேதுருவும் யோவானும் அப்போஸ்தலர் 4இல் கண்டபடி நிமிர்ந்து நிற்கிறார்கள். இரண்டு பகுதிகளையும் ஒருங்கே வாசிக்கிறவன், அரசை வணங்கவும் மாட்டான், இகழவும் மாட்டான். எளியவனை அது காக்கிறதா என்று பார்த்து அதை அளப்பான்.

சுதந்திர இந்தியாவின் அரசையும் குமரப்பா அவ்வாறே அளந்தார். தம் நண்பர்கள் ஆட்சிக்கு வந்தபின்னும் அவர் கண்டனம் குறையவில்லை. பெருந்தொழிலையும் மையத் திட்டத்தையும் நாடிய பாதையை அவர் ஏற்கவில்லை. 1950களில் உடல்நலம் குன்றிய நிலையில் டி. கல்லுப்பட்டியில் தங்கி எழுதிவந்தார். 1960 ஜனவரி 30ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே நாளில், தமது 68ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

அன்பானவர்களே, இவ்வரலாற்றை நம்மிடம் கொண்டுவருவோம். நம் சபைகளில் எழும் பூசல்களை எண்ணிப் பாருங்கள். சபைத் தேர்தலுக்காகவும் சொத்துக்காகவும் சகோதரன் சகோதரன்மேல் வழக்குத் தொடுப்பதைத் தென்னாட்டில் எத்தனை இடங்களில் காண்கிறோம்! 1 கொரிந்தியர் 6ஐ நாம் அறிந்தும், நீதிமன்றம் நியமிக்கும் நிர்வாகி வந்து நம் கணக்கைப் பார்க்கும்படி நாமே செய்துகொள்கிறோம். அரசு திருச்சபைக்குள் நுழைகிறது என்று பின்னர் முறையிடுகிறோம். கதவைத் திறந்தது யார்? நமக்குள் நாம் உண்மையாய் ஒப்புவிக்காத கணக்கை, ஒருநாள் இராயன் வந்து கேட்பான். நம் நடுவில் நாமே செய்யாத நீதியைச் செய்யும்படி, ஒடுக்கப்பட்டவன் அவனைத்தான் அழைப்பான். அழைத்தவனைக் குறைகூற நமக்கு வாயில்லை.

வீட்டிலும் அப்படியே. உங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கும் சகோதரிக்கு நோயுற்ற நாளில் ஊதியம் கொடுக்கும்படி எந்த அதிகாரியும் வந்து கேட்கமாட்டார். தெருவில் கீரை விற்கும் மூதாட்டியிடம் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசினீர்களா என்று வருமான வரித்துறை விசாரிக்காது. உங்கள் மகளின் திருமணத்திற்குச் சம்பந்தம் பேசும்போது முதலில் எதைக் கேட்டீர்கள் என்று எந்தப் படிவத்திலும் எழுத வேண்டியதில்லை. இவையெல்லாம் இராயன் கேளாத கணக்குகள். நீங்கள் முழுச் சுதந்திரத்தோடு இருக்கும் இடங்கள் இவையே. அங்கே நீங்கள் எப்படி நடக்கிறீர்கள் என்பதே, உங்களுக்கு எவ்வளவு சுதந்திரத்தை நம்பிக் கொடுக்கலாம் என்பதைக் காட்டும்.

இவ்வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு தாளை எடுத்து, கடந்த மாதம் நீங்கள் செலவிட்ட பணத்தை எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், அப்பணம் யாருடைய உழைப்புக்குச் சென்றது, அது நியாயமான கூலியா என்று எழுதுங்கள். சில வரிகளுக்குப் பக்கத்தில் எழுத ஒன்றும் தெரியாமலிருக்கும். அந்த வெற்றிடங்களை மறைக்காமல் கர்த்தருடைய சமுகத்தில் வைத்து ஜெபியுங்கள்.

ஜெபம்: எங்கள் எஜமானாகிய ஆண்டவரே, ஆளுகிறவர்கள் எளியோரைக் காக்கும்படி அவர்களை நடத்தும். அவர்கள் தவறும்போது அச்சமின்றிப் பேசும் நாவை எங்களுக்குத் தாரும். ஒருவரும் காணாத இடத்தில் உண்மையாயிருக்க எங்களுக்குக் கற்பியும். உம்மிடம் கணக்கு ஒப்புவிக்கும் நாளில், எங்களால் வஞ்சிக்கப்பட்ட ஒருவரும் எங்களுக்கு எதிராக நில்லாதிருக்க, இப்போதே எங்களைச் சீர்ப்படுத்தும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.